இரண்டாம் முறை எழுதும் பரீட்சை

பரீட்சையில் எண்ணிய இடத்தைப் பெறாத ஓர் இளைஞனைப் பார்த்து, "மனந்தளராதே, மறுபடியும் எழுது" என்று சொல்வது எளிது. எப்படி எழுதுவது என்று சொல்வதுதான் கடினம். முதல் முறை செய்த காரியத்தையே இன்னும் சற்று அதிகமாகச் செய்தால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இருபது மாதிரிப் பரீட்சை எழுதியவன் நாற்பது எழுத வேண்டும். நான்கு மணி நேரம் படித்தவன் எட்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது நமது கணக்கு. இந்தக் கணக்குப் பல பரீட்சைகளுக்குப் பொருந்தலாம். இந்திய மேலாண்மைக் கழகங்களில், அதாவது ஐ.ஐ.எம். என்று நாம் வழங்கும் கல்வி நிலையங்களில், சேர்வதற்காக ஆண்டுதோறும் நடைபெறும் 'கேட்' பரீட்சைக்கு அது பொருந்துவதில்லை. ஏன் பொருந்துவதில்லை என்பதை விளக்குவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

தில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பரீட்சை புதியதன்று. வீட்டுக்கு வீடு யாரேனும் ஒருவர் அதை எழுதியிருக்கிறார், அல்லது எழுதப் போகிறார். ஒரு முறை எழுதி எதிர்பார்த்த பலனை அடையாதவர்களும் நம்மிடையே அநேகர். அவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பரீட்சையின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் முதல் இரண்டு கழகங்கள் தொடங்கப்பெற்றன. பெங்களூர்க் கழகம் 1973-இலும், நமது திருச்சிராப்பள்ளிக் கழகம் 2011-இலும் தோன்றின. இன்று நாடெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் இருக்கின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்று, முறைவைத்து, அந்தந்த ஆண்டின் பரீட்சையை நடத்துகிறது. நவம்பர் மாத இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று மூன்று வேளைகளாகப் பரீட்சை நடைபெறும். ஒருவர் ஒரு வேளையில் மட்டுமே எழுதுவார். 2009-ஆம் ஆண்டு முதல் கணிப்பொறியின் முன் அமர்ந்துதான் எழுதவேண்டியிருக்கிறது.

வயது வரம்பு இல்லை. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. பட்டப் படிப்பில் நூற்றுக்கு 50 மதிப்பெண், அட்டவணை வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 45, இருந்தால் போதும். ஆனால் பரீட்சை ஆண்டுக்கு ஒரு முறைதான். அதில் பெறும் மதிப்பெண்ணும் அடுத்து வரும் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். ஆகவே, மறுமுறை எழுதத் துணிகிறவர் இரண்டு மணி நேரத்துக்காக ஓர் ஆண்டைப் பணயம் வைக்கிறார். இதை மறக்கலாகாது.

அந்த இரண்டு மணி நேரம் எப்படிச் செலவாகிறது? 2019-ஆம் ஆண்டில் 100 வினாக்களுக்கு 180 நிமிஷம் கொடுத்தார்கள். 2020-இல், கொள்ளைநோய்க் காலத்தில், பரீட்சையை 120 நிமிஷமாகக் குறைத்தார்கள். அந்த அளவே பின்னர் நிலைத்துவிட்டது. 2024-ஆம் ஆண்டுப் பரீட்சையில் 68 வினாக்கள் இருந்தன. ஆங்கில வாசிப்பும் சொல்லாற்றலும் சேர்ந்த முதற் பகுதியில் 24, அட்டவணைகளையும் நிபந்தனைகளையும் கொண்டு தர்க்கரீதியாக விடை காணும் இரண்டாம் பகுதியில் 22, கணிதத்தில் 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிஷம். ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் அது மூடிக்கொள்ளும். திரும்பிச் செல்லவும் முடியாது. ஒன்றில் மிச்சம் பிடித்த நேரத்தை மற்றொன்றில் செலவிடவும் முடியாது.

சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவில் தவறினால் 1 மதிப்பெண் குறையும். விடையைத் தாமே தட்டெழுதும் வினாக்களும் சில உண்டு; அவற்றில் தவறினால் நஷ்டம் இல்லை. மூன்று வேளை வினாத்தாள்களும் ஒரே அளவு கடினமாக இரா. ஆகையால் மதிப்பெண்களைச் சமப்படுத்திப் பிறகு 'பெர்சன்டைல்' கணக்கிடுகிறார்கள். இது சதவீதம் அன்று. எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். 2024-இல் ஏறத்தாழ 2,93,000 பேர் எழுதினார்கள். அவர்களுள் 95 பெர்சன்டைல் பெற்றவருக்கு முன்னால் சுமார் 14,600 பேர் நிற்கிறார்கள். 99 பெற்றவருக்கு முன்னால் சுமார் 2,900 பேர். "95 வாங்கியும் இடம் கிடைக்கவில்லையா?" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கும் உறவினர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, எனக்கு நேரில் தெரிந்த ஒரு செய்தியைக் கூறுகிறேன். என் தமக்கையின் மகன் தில்லியில் எங்களோடு தங்கி ஒரு கம்பெனியில் வேலை பார்த்து வந்தான். 2022-ஆம் ஆண்டில் முதன்முறையாக எழுதி 89 பெர்சன்டைல் பெற்றான். அடுத்த ஆண்டு முழுவதும் இரவு ஒரு மணி வரையில் அவன் அறையில் விளக்கு எரிந்தது. 28 மாதிரிப் பரீட்சைகள் எழுதினான். 2023-இல் அவனுக்குக் கிடைத்தது 90. ஓர் ஆண்டு உழைப்புக்கு ஒரே ஒரு புள்ளி. "கஜினி முகமது மாதிரி எத்தனை படையெடுப்பு?" என்று வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் வேடிக்கையாகக் கேட்டார். அன்று அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

பரீட்சை முடிந்த சில நாட்களில், ஒவ்வொருவரும் குறித்த விடைகளின் பதிவையும் சரியான விடைகளின் பட்டியலையும் இணையத்தில் வெளியிடுகிறார்கள். 'ரெஸ்பான்ஸ் ஷீட்' என்று அதற்குப் பெயர். அவன் அதை எடுத்து வைத்திருந்தான். ஆனால் கூட்டிக் கழித்து மதிப்பெண் பார்த்ததோடு மூடிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் கலைப் பட்டதாரி. கணிதத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. கேள்வி கேட்க மட்டும் முடிந்தது.

கணிதத்தில் இருந்த 22 வினாக்களில் அவன் 15-க்கு விடையளித்திருந்தான். எட்டு சரி, ஏழு தவறு. தவறியவற்றுள் ஐந்து, மதிப்பெண் குறையும் வகையைச் சேர்ந்தவை. ஆக, 24-இல் 5 போக, 19 மதிப்பெண். "தொடாமல் விட்ட ஏழையும் இப்போது போட்டுப் பார்" என்றேன். அவற்றில் நான்கை எட்டே நிமிஷத்தில் போட்டுவிட்டான். அவன் முகம் மாறியது. 12 மதிப்பெண் வினாத்தாளின் கடைசிப் பக்கங்களில் அவனுக்காகக் காத்திருந்திருக்கிறது. அவன் அங்கே போய்ச் சேரவே இல்லை. "ஐந்தாம் கேள்வியில் மாட்டிக்கொண்டேன், மாமா. விட மனம் வரவில்லை" என்றான். அந்த ஐந்தாம் கேள்விக்கு அவன் அளித்த விடையும் தவறு.

இங்கேதான் இந்தப் பரீட்சையின் உள்ளியல்பு விளங்குகிறது. 22 வினாக்களுக்கு 40 நிமிஷம் என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிஷம்கூடக் கிடையாது. எல்லாவற்றுக்கும் விடையளிக்க வேண்டும் என்று இந்த வினாத்தாளை யாரும் தயாரிக்கவில்லை. எதைத் தொடுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் திறமையையும் சேர்த்தே இது சோதிக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் பழகிய பரீட்சை வேறு. அங்கே, தொடங்கிய கணக்கை முடிக்காமல் விடுவது குற்றம். அந்த நல்ல வழக்கமே இங்கே பகையாகிறது. மறுமுறை எழுதுகிறவர் மாற்றிக்கொள்ள வேண்டிய முதற் பழக்கம் இதுதான்.

தவறான விடையால் ஒரு மதிப்பெண் போகிறது என்று பலரும் அஞ்சுகிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கு முறையில் ஒரு முறை 3 வரும். மூன்று முறை ஒவ்வொன்று போகும். கூட்டினால் பூஜ்யம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டு விடைகள் நிச்சயமாகத் தவறு என்று தள்ளிவிட்டு, மிஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறித்தால், சராசரியாக 1 மதிப்பெண் லாபம். அப்படியானால் உண்மையான நஷ்டம் எங்கே இருக்கிறது? அந்த விடையைக் குறிப்பதற்கு முன்பு கரைந்துபோன ஆறு நிமிஷத்தில் இருக்கிறது. அந்த ஆறு நிமிஷத்தில் இரண்டு எளிய வினாக்களுக்கு விடை கண்டிருந்தால் 6 மதிப்பெண். வினாத்தாளில் இந்த இழப்பு எங்கும் குறிக்கப்பெறுவதில்லை. அதனால்தான் பலர் அதைக் காண்பதில்லை.

அன்று முதல் அவன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு மாதிரிப் பரீட்சைக்குப் பிறகும் இழந்த மதிப்பெண்களை நான்கு வகையாகப் பிரித்து எழுதினான். தெரியாததால் போனது, தெரிந்தும் அவசரத்தால் போனது, விட்டிருக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டதால் போனது, தொட்டிருக்க வேண்டியதைத் தொடாததால் போனது. இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. முதல் வகைக்கு மட்டுமே மேலும் படிப்பது மருந்து. அவன் இழந்ததில் பெரும்பங்கு மூன்றாவதும் நான்காவதுமாக இருந்தது. இரவு ஒரு மணி வரை படித்தும் ஒரே ஒரு புள்ளி ஏறியதற்குக் காரணம் இப்போது புரிந்தது. இல்லாத நோய்க்கு ஓர் ஆண்டு மருந்து சாப்பிட்டிருக்கிறான்.

மாதிரிப் பரீட்சைகளின் எண்ணிக்கையை அவன் பாதியாகக் குறைத்தான். இரண்டு மணி நேரம் எழுதினால், அதை ஆராய மூன்று மணி நேரம் செலவிட்டான். கணிதப் பகுதியில், முதற் சுற்றில் எல்லா வினாக்களையும் ஒரு முறை பார்த்து எளியவற்றை மட்டும் போடுவது, இரண்டாம் சுற்றில் நடுத்தரமானவற்றைப் போடுவது என்று முறை வகுத்துக்கொண்டான். இரண்டாம் பகுதியிலும் இதே முறைதான். 2024-இல் அங்கே ஐந்து தொகுதிகள் இருந்தன. முதல் நான்கைந்து நிமிஷத்தை ஐந்தையும் படித்துப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிவிட்டு, அவற்றுள் இரண்டையோ மூன்றையோ தேர்ந்துகொள்வது நல்லது. சரியான தொகுதியைத் தேர்ந்தெடுத்தாலே அந்தப் பகுதியில் பாதி வேலை முடிந்தது.

முதற் பகுதியைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு என் தொழில். 2024-ஆம் ஆண்டின் 24 வினாக்களில் 16, நான்கு ஆங்கிலக் கட்டுரைப் பகுதிகளைப் படித்து விடையளிக்கும் வினாக்கள். தத்துவம், சமூகவியல், விஞ்ஞானம், கலை என்று எதைப்பற்றியும் கட்டுரை வரலாம். அந்தத் துறையில் நமக்கு அறிவு தேவையில்லை. ஆசிரியர் என்ன சொல்கிறார், எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்தால் போதும்.

மொழிபெயர்ப்பாளன் நாள்தோறும் செய்யும் வேலை இதுவே. மூலத்தில் 'செய்யலாம்' என்று இருந்தால் 'செய்ய வேண்டும்' என்று எழுத எங்களுக்கு அதிகாரம் இல்லை. 'சிலர்' என்பதைப் 'பலர்' என்று ஆக்கினால் கோப்பு திரும்பி வரும். இந்தப் பரீட்சையின் தவறான விடைகள் பெரும்பாலும் இப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, ஆசிரியர் 'சில சமயம்' என்றதை 'எப்போதும்' என்று நீட்டியிருக்கும். மற்றொன்று, உலகத்தில் உண்மையாகவே இருக்கும். ஆனால் கட்டுரையில் இராது. என் மருமகன் தவறியவை அநேகமாக இரண்டாவது வகை. ஆசிரியரின் கருத்தை விட்டுவிட்டுத் தன் கருத்தோடு ஒத்துப்போகும் விடையைக் குறித்திருந்தான்.

அவனுக்கு நான் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான். நாள்தோறும் ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு பத்தியிலும் என்ன சொல்லியிருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னால், அவர்களுடைய சொற்களையே இடம் மாற்றி வைத்துப் புரிந்ததாக நினைத்துக்கொள்ளலாம். தமிழில் அந்தத் தந்திரம் செல்லாது. புரியாத பத்தி வாயில் வராது. முதல் வாரத்தில் அவன் திணறினான். மூன்றாம் மாதத்தில், சாப்பிட உட்காரும்போது அன்றைய கட்டுரையை ஐந்து வாக்கியத்தில் வீட்டில் எல்லோருக்கும் புரியும்படி சொல்லும் அளவுக்கு வந்துவிட்டான். வெளிமாநிலத்தில் வளர்ந்து தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகளும் இதை வாய்மொழியாகச் செய்யலாம். பரீட்சை முடிந்தபின்னும் இந்தப் பழக்கம் வீண்போகாது.

உத்தியோகத்தை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேலை பார்த்த அனுபவத்துக்குப் பல கழகங்கள் சேர்க்கையில் மதிப்பெண் தருகின்றன. நேர்முகப் பேட்டியில், காலியாகக் கழிந்த ஆண்டைப்பற்றிக் கேள்வி வருவதும் உண்டு. மேலும், மாதச் சம்பளம் நின்றுபோன வீட்டில் ஒவ்வொரு மாதிரிப் பரீட்சையும் வாழ்வா சாவா என்று தோன்றும். விட வேண்டிய வினாவை விடும் துணிவு அந்த மனநிலையில் வராது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்குமானால் வேலையில் இருந்துகொண்டே படிப்பதுதான் உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான ஒதுக்கீட்டைக் கோருகிறவர்கள், தமிழ்நாட்டு அரசின் சாதிச் சான்றிதழே போதும் என்று இருந்துவிடக் கூடாது. அவர்களது வகுப்பு மத்திய அரசின் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். சான்றிதழும் மத்திய அரசின் படிவத்தில், வருமான உச்சவரம்புக்கு உட்பட்டவர் என்ற குறிப்போடு இருக்க வேண்டும். விண்ணப்பம் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பெறப்படுகிறது. அந்தக் காலம் கடந்தபின் பிரிவை மாற்றிக்கொள்ள இயலாது. ஆகையால் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே இந்தக் காரியத்தைக் கவனித்துவிடுவது நல்லது. பரீட்சை எழுதும் நகரங்களைக் குறிக்கும்போதும், நவம்பரில் உண்மையாக எங்கே இருப்போம் என்று யோசித்துக் குறிக்க வேண்டும்.

எல்லோரும் மறுமுறை எழுதத்தான் வேண்டுமா? இல்லை. மறுபரீட்சையால் மாற்ற முடியாதவை சில இருக்கின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப் படிப்பு ஆகியவற்றின் மதிப்பெண்களையும் பல கழகங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அவை குறைவாக இருந்தால், 'கேட்' மதிப்பெண் மிக உயர்ந்திருந்தும் சில இடங்களிலிருந்து அழைப்பு வராது. ஒவ்வொரு கழகமும் தன் விதிமுறையை வெளியிடுகிறது. ஓராண்டை ஒப்படைக்குமுன் அதை ஒரு மணி நேரம் படிப்பது கடமை. கட்டணத்தையும் பார்க்க வேண்டும். மூத்த கழகங்களில் இரண்டாண்டுப் படிப்புக்கு இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. இதே 'கேட்' மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வேறு நல்ல இடங்களும் உண்டு. தில்லிப் பல்கலைக் கழகத்தில் 1954-இல் தொடங்கிய நிர்வாகவியல் துறையில் கட்டணம் மிகவும் குறைவு. சென்னை ஐ.ஐ.டி.யிலும் மேலாண்மைத் துறை இருக்கிறது. வேண்டியது கல்வியா, ஒரு கழகத்தின் பெயரா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு விடை கண்டவருக்கு வழி தெளிவாகும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் முறை எழுதும் பிள்ளையிடம் "இன்று எத்தனை மணி நேரம் படித்தாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று எதை விட்டாய்? ஏன் விட்டாய்?" என்று கேளுங்கள். முதற் கேள்விக்கு அவன் பொய் சொல்லக்கூடும். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல அவன் யோசித்தாக வேண்டும்.

என் மருமகன் 2024-ஆம் ஆண்டு நவம்பரில் மூன்றாம் முறையாக எழுதினான். பரீட்சைக் கூடத்திலிருந்து வெளியே வந்ததும், "கணக்கில் ஒன்பது கேள்விகளைத் தொடவே இல்லை, மாமா" என்றான். முன்பெல்லாம் இப்படிச் சொல்லும்போது அவன் குரல் கம்மியிருக்கும். அன்று அப்படி இல்லை. டிசம்பரில் முடிவு வந்தது: 97. ஆமதாபாதுக்கும் கல்கத்தாவுக்கும் அது போதாது. அவனும் அவற்றை எதிர்பார்க்கவில்லை. தன்னால் கட்டக்கூடிய கட்டணத்தில், தான் விரும்பிய படிப்பில் சேர்ந்திருக்கிறான். அந்த நோட்டுப் புத்தகம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பெண் இரண்டாம் முறை எழுதப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் அதை எடுத்துக் கொடுத்தேன். "இதில் உள்ள கணக்குகளைப் பார்க்க வேண்டாம், அம்மா, ஓரத்தில் எழுதியிருக்கும் காரணங்களை மட்டும் படி" என்று சொல்லி அனுப்பினேன்.